டெட்ராய்ட்டின் குழம்பா, ஃபிளின்ட்டின் வறுவலா: கோனி ஹாட் டாக் ஓர் ஒப்பீடு

மிச்சிகன் மாநிலத்தில் ‘கோனி’ என்று கேட்டால், ஆவியில் மென்மையாக்கிய பன்னுக்குள் ஹாட் டாக்கை வைத்து, அதன்மேல் கொத்துக்கறி மசாலா, மஞ்சள் கடுகு சாஸ், பொடியாக நறுக்கிய வெங்காயம் ஆகியவற்றைப் பரப்பித் தருவார்கள். பெயர்தான் நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையிலிருந்து வந்தது. பண்டம் அங்கிருந்து வரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரேக்கத்திலிருந்தும் மாசிடோனியாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள், தொழிற்சாலைகள் பெருகிவந்த நகரங்களில் மலிவான சிற்றுண்டிக் கடைகளைத் திறந்தபோது, ஊராருக்கு ஏற்கெனவே பழக்கமான ஜெர்மானிய சாசேஜின் மேல் தங்கள் கைப்பக்குவத்தை ஏற்றினார்கள். ஜாக்சன் நகரில் ஜார்ஜ் டோடொரோஃப் 1914இலேயே கடை திறந்துவிட்டார் என்பார்கள். இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேனிலும் அதே ஆண்டைச் சொல்லும் கடை ஒன்று உண்டு. யார் முதல் என்ற வழக்குக்கும் நாவுக்கும் தொடர்பில்லை என்பதால் அதை இங்கே விட்டுவிடலாம்.

டெட்ராய்ட்டின் மையத்தில் லஃபாயெட் சாலையில் ஒட்டி நிற்கும் இரண்டு கடைகளைப் பற்றித்தான் எல்லோரும் வாதிடுகிறார்கள். கஸ்ட் கெரோஸ் என்ற கிரேக்கர் 1917இல் ‘அமெரிக்கன் கோனி ஐலண்ட்’ கடையைத் தொடங்கினார். பின்னர் அவருடைய தம்பி வில்லியம் அடுத்த கதவிலேயே ‘லஃபாயெட் கோனி ஐலண்ட்’ கடையைத் திறந்தார். அண்ணன் கடை இன்றும் குடும்பத்தார் கையில், சிவப்பு, வெள்ளை, நீல அலங்காரத்தோடு பளபளப்பாக இருக்கிறது. தம்பி கடை ஊழியர்கள் கைக்கு மாறிவிட்டது. குறுகலான அந்த இடத்தில், பரிமாறுபவர் முழங்கை வரை தட்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு வரும் காட்சிக்காகவே போகலாம். குடும்பங்களையே இரண்டாகப் பிரிக்கும் அளவுக்குப் பேசப்பட்டாலும், இந்த இரண்டு தட்டுகளுக்கும் இடையிலான வேறுபாடு, என் கணிப்பில், ஒரே தெருவின் இரண்டு வீட்டுச் சாம்பாருக்கு இடையிலான வேறுபாடுதான்.

உண்மையான பிளவு அங்கிருந்து வடமேற்கே சுமார் நூறு கிலோமீட்டரில், ஜெனரல் மோட்டார்ஸ் பிறந்த ஃபிளின்ட் நகரில் தொடங்குகிறது. டெட்ராய்ட்டில் மேலே ஊற்றுவது ஒரு குழம்பு. பயறு எதுவும் சேராத, மிளகாய்த்தூளும் மசாலாவும் கரைந்த அந்தக் குழம்பைக் கரண்டியால் விட்டவுடன் அது சாசேஜின் இருபுறமும் வழிந்து பன்னின் அடிவரை இறங்கிவிடும். இரண்டாவது கடியில் பன் கையிலேயே குழைந்துபோவதால், பலர் முள்கரண்டியை எடுத்துக்கொள்கிறார்கள். ஃபிளின்ட்டில், 1924இல் மாசிடோனியரான சிமியோன் பிரேயன் தொடங்கிய கடையிலிருந்து பரவிய முறையில், மேலே வருவது ஒரு வறுவல். அரைத்த மாட்டு இதயத்தை முதன்மையாகக் கொண்டு சமைக்கும் அந்த உதிரிக் கறி எங்கும் வழியாது. சாசேஜின் முதுகில் குவியலாக உட்கார்ந்திருக்கும். அதன் அடியில் இருப்பது, ஜெர்மனியிலிருந்து வந்த ஆல்பர்ட் கேகல் 1916இல் தொடங்கிய உள்ளூர் நிறுவனத்தின் சாசேஜ். இயற்கையான குடல் உறை கொண்ட அதைக் கடிக்கும்போது நறுக்கென்று உடையும்.

என் தேர்வுக்குக் காரணமே அந்த ‘நறுக்’தான். டெட்ராய்ட் கடைகளும் இயற்கை உறை கொண்ட சாசேஜையே பயன்படுத்துகின்றன என்றாலும், குழம்பில் ஊறிய பன்னின் நெகிழ்ச்சிக்குள் அந்த முறிவு பாதி அமுங்கிவிடுகிறது. ஃபிளின்ட்டின் உலர்ந்த கறி சாசேஜை மறைக்காமல் விட்டுவிடுவதால் கடுகின் புளிப்பு, வெங்காயத்தின் காரம், இறைச்சியின் உப்பு மூன்றும் தனித்தனியே நாவில் தெரிகின்றன. ஆனால் உறைபனிக் காலத்து நள்ளிரவில் சூடாக ஏதாவது வயிற்றுக்குள் இறங்க வேண்டும் என்றால், குழம்பின் பக்கம் இருக்கும் நியாயத்தை மறுக்க மாட்டேன்.

ஒஹாயோவின் சின்சினாட்டியும் இந்தப் போட்டியில் உண்டு. மாசிடோனியாவிலிருந்து வந்த கிராட்ஜீஃப் சகோதரர்கள் 1922இல் எம்ப்ரஸ் என்ற கடையில் தொடங்கிவைத்த அந்த ஊர்ச் ‘சில்லி’ என்னும் கொத்துக்கறிக் குழம்பில் பட்டை மணக்கும். நம்மவர் நாவுக்கு முதல் வாயிலேயே பிடிபடும் சுவை அது. ஆயினும் சிறிய சாசேஜின் மேல் மலைபோல் துருவிய செடார் சீஸைக் குவித்துவிடுவதால், அதை ஹாட் டாக் என்பதைவிடச் சீஸ் தட்டு என்பதே பொருந்தும். அங்கே போகிறவர்கள் அதே சில்லியை ஸ்பாகெட்டியின் மேல் ஊற்றித் தருவதை வாங்கிச் சாப்பிடலாம். அந்த மசாலா அதில்தான் எடுபடுகிறது.