டுப்பிட்ரன் விரல் மடக்கம்: எந்தச் சிகிச்சை யாருக்கு?

உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். மோதிர விரலோ சுண்டு விரலோ மடங்கி நின்று கை பலகையில் படியாவிட்டால், கை அறுவை நிபுணரைப் பார்க்கும் வேளை வந்துவிட்டது. டுப்பிட்ரன் நோயில் உள்ளங்கைத் தோலுக்கடியில் உள்ள சவ்வு தடித்துக் கயிறுபோலாகி விரலை இழுக்கிறது. தசைநாணில் பழுது இல்லை. எண்ணெய் போட்டு எவ்வளவு நீவினாலும் அந்தக் கயிறு கரையாது. (விரல் மரத்தும் போயிருந்தால் முதலில் நரம்பைச் சோதிக்க வேண்டும். தொழுநோயிலும் இதே இரண்டு விரல்கள் மடங்கலாம்.)

அடிக்கணு (விரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டு) மட்டும் மடங்கியவருக்கு ஊசிமுனையால் கயிற்றை அறுக்கும் முறையே முதல் தேர்வு. தோலை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். ஊசி நரம்பை உரசினால் சுரீரென்று தெரிய வேண்டும், உடனே சொல்லவும் வேண்டும். சில நாட்களில் கை வழக்கமான வேலைக்கு வந்துவிடும். முக்கியக் குறை: நோய் திரும்புகிறது. நெதர்லாந்து ஆய்வொன்றில் 5 ஆண்டுகளுக்குள் சுமார் 85 சதவீதம் பேருக்குத் திரும்பியது. கயிற்றை வெட்டியெடுக்கும் அறுவை செய்துகொண்டவர்களில் 21 சதவீதம் பேருக்குத்தான் திரும்பியது.

கயிற்றைக் கரைக்கும் கொலாஜினேஸ் என்ற ஊசி மருந்துக்கு 2010-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. கயிற்றுக்குள் 0.58 மில்லிகிராம் செலுத்தி, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் விரலை இழுத்து நீட்டுவார்கள். கை வீங்கும், ரத்தம் கன்றும், தோல் கிழிவதும் உண்டு. அரிதாகத் தசைநாணே அறுந்துவிடும். 2024-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், ஓராண்டுக்குப் பின் அறுவைக்கு இது ஈடாகவில்லை. ஐரோப்பியச் சந்தையிலிருந்தும் விலக்கப்பட்டுவிட்டது. இதைத் தேடி அலைய வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

உள்ளங்கையில் முடிச்சு மட்டும் இருந்து விரல் மடங்காத தொடக்க நிலையில்தான் கதிர்வீச்சைப் பற்றிப் பேசலாம். மொத்தம் 30 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு), இடைவெளி விட்டு இரண்டு தவணை.

நடுக்கணு (விரலின் நடு மூட்டு) மடங்கினால் தள்ளிப்போடாதீர்கள். நாளாக ஆக மூட்டே இறுகிவிடும், ரத்தக்குழாயும் குறுகிப்போகும். பிறகு முழுக்க நீட்டினால் விரல் வெளுத்துவிடும். அதனால்தான் கொஞ்சம் மடக்கத்தை அப்படியே விட்டுவிட நேர்கிறது. கயிற்றை வெட்டியெடுக்கும் அறுவையில் கீறல் வளைந்து வளைந்து போகும். நேராகக் கீறினால் தழும்பு சுருங்கி விரலை மீண்டும் மடக்கும். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள், கைப்பயிற்சி மாதக்கணக்கில். பயிற்சி தருபவர் யார், எத்தனை முறை வர வேண்டும் என்பதை அறுவைக்கு முன்பே கேட்டு வையுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் போங்கள். முதல் வாரம் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தியே வைத்திருங்கள். வீக்கம் நீடித்தால் விரல் நீண்டாலும் மடக்க வராது.