செடிக்கழியா, வேலி மூங்கிலா, கொறுக்கையா? சிங்கப்பூரில் நாட்டு அம்புக்கு ஏற்ற தண்டு எது

இயற்கைத் தண்டில் அம்பு செய்வதற்கான குறிப்புகள் பெரும்பாலும் அமெரிக்கத் தென்கிழக்கின் ஆற்று மூங்கிலையோ ஜப்பானின் யதாக்கே மூங்கிலையோ மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மலாய்த் தீபகற்பத்தில் செமாங் இனத்தவர் வில் பிடித்தது உண்டு என்றாலும், இந்தப் பக்கத்துக் காடுகளில் பெயர்பெற்றது ஊதுகுழல்தான். ஆகவே இங்குக் கிடைக்கும் தண்டுகளை நாமே எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. போட்டியில் நிற்பவை மூன்று: தாவரக் கடைகளில் ஊன்றுகோலாக விற்கும் உலர்ந்த மூங்கில் கழி, கொண்டோ வேலிகளில் அடர்ந்து நிற்கும் பச்சை வேலி மூங்கில், நாணல்வகைப் புல்லான கொறுக்கை. பிரம்பைப் பலர் நான்காவதாகச் சேர்ப்பார்கள். அது ஏன் தேறாது என்பதைப் பிறகு பார்ப்போம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கீழே ‘வேட்டை அமைப்பு’ என்று வருவது அம்பின் அமைப்பைக் குறிக்கும் பெயர் மட்டுமே: கனமான முன்பக்கம், பெரிய இறகு, 30 கிராமை ஒட்டிய எடை. சிங்கப்பூரின் வனவிலங்குச் சட்டப்படி அனுமதியின்றிக் காட்டுயிரைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றம். காட்டுப்பன்றிக்கும் அது பொருந்தும். அம்பு போய்த் தைக்கும் இடம் வில்வித்தைக் களத்தின் நுரைப்பலகைதான். கையால் செய்த அம்பை எல்லாக் களங்களிலும் விட மாட்டார்கள். பொறுப்பாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவுகோல்

இழுவிசை 40 பவுண்டு உள்ள வில், 28 அங்குல இழுப்பு என்று வைத்துக்கொள்வோம். குதையின் (நாண் பொருந்தும் பின்முனை வெட்டு) அடியிலிருந்து முனையின் பின்புறம் வரை 29 அங்குலம், அதாவது 74 செ.மீ. தண்டு வேண்டும். வெறும் இலக்குப் பயிற்சிக்கு வில்லின் ஒரு பவுண்டுக்கு 8 முதல் 10 கிரெய்ன் எடை போதும். வேட்டை அமைப்பில் 12 வரை போகலாம்: 480 கிரெய்ன், ஏறத்தாழ 31 கிராம்.

எடையைவிட முக்கியம் விறைப்பு, அதாவது ஸ்பைன். ஒரு பலகையில் 66 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து, தண்டை அவற்றின்மேல் கிடத்தி, நடுவில் 2 பவுண்டு (907 கிராம்) எடையைத் தொங்கவிடுங்கள். தண்டு எத்தனை மில்லிமீட்டர் தொய்கிறதோ அந்த எண்ணால் 660-ஐ வகுத்தால் ஸ்பைன் வந்துவிடும். 16.5 மி.மீ. தொய்ந்தால் 40; 22 மி.மீ. தொய்ந்தால் 30. கைப்பிடியில் அம்புக்கென்று வெட்டு இல்லாத ஒற்றை மர வில்லில் அம்பு பிடியைச் சுற்றி நெளிந்துதான் போயாக வேண்டும். அதனால் 40 பவுண்டு வில்லுக்கு 30 முதல் 35 வரையிலான ஸ்பைன் சரியாக வரும். விறைப்பு கூடினால் வலக்கையால் நாண் இழுப்பவரின் அம்பு இடப்பக்கம் ஒதுங்கும், குறைந்தால் வலப்பக்கம்.

இயற்கைத் தண்டு முழு வட்டமாக இருக்காது. ஆகவே தண்டைக் கால் சுற்று திருப்பி இன்னொரு முறை அளக்க வேண்டும். அதிக விறைப்புள்ள பக்கத்தில் பென்சிலால் குறியிட்டு, அந்தப் பக்கம் வில்லில் படும்படி குதையை வெட்டுவது வழக்கம்.

செடிக்கழி

தக்காளிக்கும் ஆர்க்கிட்டுக்கும் ஊன்றுகோலாக விற்கும் மஞ்சள் பழுப்பு நிறக் கழி பெரும்பாலும் சீனாவின் குவாங்டோங் மாநிலத்து டோங்கின் மூங்கில். உயர்தரத் தூண்டில் கழிகளைப் பிளந்து ஒட்டிச் செய்வதற்குப் பெயர்போன அதே இனம்தான். சுவர் தடிப்பானது, நார் அடர்த்தியானது, கணு மற்ற மூங்கில்களைப்போல அவ்வளவு புடைக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது காய்ந்தே வருகிறது. (அதே தட்டில் கிடக்கும் பச்சை நிறக் கழியை எடுத்துவிடாதீர்கள், அது பிளாஸ்டிக் உறை போட்ட இரும்புக் குழாய்.)

90 அல்லது 120 செ.மீ. நீளக் கழியில் தடித்த முனை 9 மி.மீ., மெலிந்த முனை 7 மி.மீ. இருப்பதைத் தேடுங்கள். வெட்டுமுகத்தைப் பாருங்கள்: நடுத்துளை எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது; சுவர் 2 மி.மீ.க்குக் குறைந்தால் ஒதுக்கிவிடலாம். ஒரு முனையைத் தரையில் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல் இருக்கிறது, அல்லது இளங்கழியை வெட்டியிருக்கிறார்கள். குண்டூசித் தலையளவு ஓட்டையும் அதிலிருந்து மாவும் உதிர்ந்தால் வண்டு உள்ளே குடியிருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் மற்றவற்றையும் உளுத்துப்போகச் செய்யும். 12 அம்பு வேண்டுமென்றால் 30 கழியாவது வாங்குங்கள். இவை அம்புக்கென்று தரம் பிரிக்கப்பட்டவை அல்ல. எடையும் விறைப்பும் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறும்.

இதன் உண்மையான குறை கணுவில் இருக்கும் கோணல். கணுவிடை நேராக இருக்கும். கணுவுக்குக் கணு திசை மாறிக்கொண்டே போகும். வெப்பம் காட்டி நிமிர்த்தத்தான் வேண்டும்.

வேலி மூங்கில்

கொண்டோ வேலிகளில் அதிகம் தென்படும் பம்பூசா மல்டிபிளெக்ஸ் இனத்தில் கணுவிடை நீண்டது. ஓர் அம்புக்கு இரண்டு, மூன்று கணுதான் வரும். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் சுவர் மெல்லியது. கணுவுக்குக் கணு கொத்தாகக் கிளை விடுவதால் அங்கே தழும்பும் பள்ளமும் மிகுதி. அவற்றை இழைத்துத் தட்டையாக்கினால் ஏற்கெனவே மெல்லிய சுவர் இன்னும் மெலியும். அம்பு அங்கேதான் முறியும்.

பொதுப் பூங்காவிலும் இயற்கைக் காப்பகத்திலும் அனுமதியின்றி வெட்டினால் பூங்கா, மரங்கள் சட்டம் பாயும். தனியார் வேலியைக் கத்தரிக்கும் நாளில் தோட்டப் பராமரிப்பாளரிடம் கேட்டு வாங்குவதுதான் ஒழுங்கான வழி. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கத்தரிப்பவர்கள் வேலிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் புதுக்கழியைத்தான் வெட்டுவார்கள். ஓராண்டு நிறையாத கழி காயும்போது சுருங்கி நெடுகக் கோடு விழும். நமக்கு வேண்டியது மூன்றாவது ஆண்டுக் கழி: மடல் உதிர்ந்திருக்கும், தோலின் வெண்பூச்சு போயிருக்கும், பச்சை மங்கி ஆங்காங்கே சாம்பல் திட்டு படிந்திருக்கும்.

பச்சைக் கழியில் மாவுச்சத்து இருக்கும்வரை வண்டுக்கு விருந்துதான். 5 விழுக்காடு வெண்காரக் கரைசலில் (ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம்) ஒரு வாரம் முழுக்க ஊறவையுங்கள். கரைசல் உள்ளே போக, நீண்ட கம்பியால் கணுத்தட்டுகளைக் குத்தித் துளைத்துக்கொள்ள வேண்டும். பிறகு பத்துப் பத்தாக இறுக்கிக் கட்டி நிழலில் காயப்போடுங்கள். நம் காற்றில் அதற்கு ஆறு வாரமாவது ஆகும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் அடுக்காதீர்கள், அது வெளியேறும் வழி; துணி காயப்போடும் பின்கட்டு போதும்.

இவ்வளவு உழைப்புக்குப் பிறகும் கிடைப்பது செடிக்கழியைவிட ஒரு படி கீழான தண்டு. இளைஞர் பயிற்சிக்கான 25 பவுண்டு வில்லுக்குப் பொருந்தும். 40 பவுண்டுக்கு மேல் இதை நம்ப வேண்டாம்.

கொறுக்கை

நாதசுரச் சீவாளிக்குத் தட்டை எடுக்கும் நாணல்வகைப் புல்தான் இது. கழி 9 முதல் 11 மி.மீ. தடிப்பு, உள்ளே பெருந்துளை, எடை மிகக் குறைவு. 76 செ.மீ. வெறுந்தண்டு கொறுக்கையில் 15 கிராமை ஒட்டி வரும். அதே நீளச் செடிக்கழி 25 கிராமைத் தொடும். தடிப்பு கூடுதலாக இருப்பதால் எடை குறைந்தும் விறைப்பு குறையாது. மிச்சமாகும் அந்தப் பத்துக் கிராமை முன்பக்கம் ஏற்றலாம் என்பதுதான் கொறுக்கையின் தனிச்சிறப்பு. பழங்குடிகள் பல கண்டங்களில் புல்தண்டோடு கடினமரத்து முன்தண்டைச் சேர்த்ததன் கணக்கும் அதுதான்: முன் கனத்தால் அம்பு சீக்கிரம் நிலைப்படும், அடிபட்டு முறிந்தால் முன்தண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

முன்தண்டு இல்லாமல் கொறுக்கை அம்பு கிடையாது. வெறும் தண்டில் முனை செருகினால் முதல் அடியிலேயே நெடுகப் பிளக்கும். செங்கால் (chengal) மரமோ வேறு கடினமரமோ 18 செ.மீ. எடுத்து, 12 செ.மீ. வெளியே நிற்க, 6 செ.மீ. உள்ளே போகும்படி சீவுங்கள். உள்ளே போகும் பகுதி மெல்லக் கூம்ப வேண்டும். ஆனால் அம்பின் அடியைத் தாங்குவது அந்தக் கூம்பாக இருக்கக்கூடாது. கூம்பு ஆப்பாக இறங்கித் தண்டைப் பிளந்துவிடும். முன்தண்டில் ஒரு சிறு தோள் விட்டு, அது கொறுக்கையின் விளிம்பில் தட்டையாக உட்காரும்படி செய்தால் அடி சுவர் முழுவதும் பரவும். செருகுவதற்கு முன்பே தண்டின் வாயை 3 செ.மீ. அகலத்துக்கு நூலால் நெருக்கமாகச் சுற்றிவிடுங்கள். செருகிய பிறகு சுற்றுவது விரிசலை மறைக்குமே தவிரத் தடுக்காது.

பின்முனைக்கும் இதே கவனம் வேண்டும். கொறுக்கைச் சுவரில் நேரடியாகக் குதை வெட்டினால் நாண் அதைப் பிளந்துகொண்டு போகும். 4 செ.மீ. கடினமரத் தக்கையை ஒட்டி, அதில் குதை வெட்டி, அடியில் நூல் சுற்ற வேண்டும். செடிக்கழியில் இந்த வேலை மிச்சம்: கணுவுக்கு ஒன்றரை செ.மீ. பின்னால் தண்டை அறுத்து, 6 மி.மீ. ஆழத்துக்கு வெட்டினால் கணுவே பிளவைத் தடுத்துவிடும்.

பிரம்பும் துணிக்கழியும்

மளிகைக் கடையில் வண்ணப் பிடியோடு தொங்கும் பிரம்பைப் பார்த்ததும் ‘இதில் செய்யலாமே’ என்று தோன்றும். பிரம்பு கொடி, தன்னைத் தானே தாங்கி நிற்கும் தேவை அதற்கு இல்லை. திண்மமாக இருந்தும் விறைப்பு மூங்கிலுக்குக் கிட்டக்கூட வராது. விறைப்புக்காகத் தடித்த பிரம்பை எடுத்தால் எடை எகிறும். நிமிர்த்தினாலும் மறுநாளே பழையபடி வளைந்துவிடும். வீவக வீட்டில் துணி காயப்போடும் மூங்கில் கழியைப் பிளந்து திண்மத் தண்டாக இழைக்கலாம் என்பாரும் உண்டு. அதற்குச் சுவர் 9 மி.மீ.யாவது இருக்க வேண்டும், அந்தக் கழியில் பெரும்பாலும் அதில் பாதிதான் இருக்கும்.

நிமிர்த்தும் முறை

மூங்கில் இரண்டுக்கும் முறை ஒன்றே. கேஸ் அடுப்பின் சிறுதீயில் 10 செ.மீ. உயரத்தில், அல்லது ஹீட் கன்னில், தண்டைச் சுற்றிக்கொண்டே ஒரு சாண் நீளத்தைச் சூடாக்குங்கள். தோலின்மேல் மெல்லிய பளபளப்பு கசிந்து வரும். உள்ளிருக்கும் மெழுகு வெளிவரும் அந்த நேரத்தில்தான் நார் இணங்கும். சற்று அதிகமாக எதிர்த்திசையில் வளைத்து, சூடு ஆறும்வரை 30 நொடி பிடியுங்கள். விட்ட இடத்தில் நின்றால் சரி. திரும்பி வந்தால் சூடு போதவில்லை. முதலில் கணுவிடைகளை நிமிர்த்திவிட்டுக் கணுக்களைக் கடைசியில் எடுங்கள். கணு தடிப்பானது, பொறுமையாக, குறைந்த தீயில், அதிக நேரம் காட்ட வேண்டும். பளபளப்பு வராமலே பழுப்பேறினால் தீ அதிகம். கருகிய இடம் மொறுமொறுப்பாகி முறியும்.

முழுதாகக் காயாத கழியைத் தீயில் காட்டாதீர்கள். கணுக்களுக்கு இடையே அடைபட்ட ஈரம் ஆவியாகி வெடிக்கும். தோல் துண்டு முகத்தில் தெறிக்கும். கொறுக்கைக்கு அடுப்பே வேண்டாம். சுவர் மெல்லியது, நொடியில் கருகும். கெட்டில் ஆவி அல்லது குறைந்த சூட்டில் ஹீட் கன் போதும்.

ஈரப்பதம்

தண்டுகளின் தரவரிசையைச் சிங்கப்பூரில் மாற்றிப்போடுவது இதுதான். இங்குக் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். குளிரூட்டிய அறையில் நேராக வைத்த தண்டை வெளியே களத்துக்குக் கொண்டுபோனால் ஈரம் குடித்துப் பழைய கோணலுக்குத் திரும்பப் பார்க்கும். பலர் தோலுக்கு மட்டும் பூச்சு அடிக்கிறார்கள். தோல் ஏற்கெனவே மெழுகுப் பாங்கானது. ஈரம் நுழைவது அறுத்த முனைகளிலும், இழைத்த கணுக்களிலும், திறந்த உள்துளையிலும். முனை இரண்டையும் பசையால் அடைத்து, கணுக்களுக்குத் தனியாக ஒரு கை அரக்குப் பூச்சு கொடுத்து, பிறகு தண்டு முழுவதற்கும் மெல்லியதாக மூன்று கை அடியுங்கள். பெருந்துளையும் மெல்லிய சுவரும் உள்ள கொறுக்கையில் இந்த அடைப்பு தவறினால் ஒரு மழைக்காலம் தாங்காது.

ஒட்டும் பசைக்கும் இது பொருந்தும். பழைய முறையான தோல்பசையும் தசைநாரும் நம் ஊர்க் காற்றில் இளகும். குங்கிலியம் நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, பொடித்த கரி ஒரு பங்கு சேர்த்து மெதுவான சூட்டில் உருக்கிய பசை ஈரத்துக்கு அஞ்சாது. ஆறியபின் உடைந்தால் மெழுகைக் கூட்டுங்கள். நெருப்பின்மேல் நேரடியாக உருக்காதீர்கள், பற்றிக்கொள்ளும். கொதிநீரில் வைத்த டப்பாவில் முழுதாக இளகாவிட்டால் மின்சாரத் தட்டில் குறைந்த சூட்டில் உருக்கலாம்.

எதை எடுப்பது

முதல் அரை டஜன் அம்புக்குச் செடிக்கழிதான், யோசிக்கவே வேண்டாம். காய்ந்து வருகிறது, குதையைத் தானே தாங்குகிறது, பிழை செய்தாலும் சில வெள்ளிதான் நட்டம். மெலிந்த முனையில் குதை, தடித்த முனையில் முனை. மூன்று வான்கோழி இறகு, 12 செ.மீ. நீளம், மூன்றும் ஒரே பக்கச் சிறகிலிருந்து. சிறகு மாறிக் கலந்தால் ஒன்று வலம் சுழற்ற, இன்னொன்று இடம் சுழற்ற, அம்பு தள்ளாடும்.

வேட்டை அமைப்பு கைவந்தபிறகு கொறுக்கைக்குப் போகலாம். ஒரு கொறுக்கை அம்புக்கு ஆகும் நேரத்தில் மூன்று செடிக்கழி அம்பு செய்துவிடலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். முன்பக்கம் கனம் ஏற ஏற அம்பு பறக்கும்போது தண்டு இளகியதுபோல நடந்துகொள்ளும். முன்தண்டு உள்ள கொறுக்கைக்கு அளவில் 5 முதல் 10 ஸ்பைன் கூடுதலாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். யதாக்கே இரண்டையும் மிஞ்சும், ஆனால் வரவழைக்கும் செலவில் ஒரு கட்டுச் செடிக்கழி வாங்கித் தரம் பிரித்துக்கொள்ளலாம். வேலி மூங்கில், இலவசமாகக் கிடைத்தால் மட்டும்.

எந்தத் தண்டானாலும் ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்பும் இரு முனையைப் பிடித்துக் காதருகே லேசாக வளைத்துப் பாருங்கள். டிக் என்று ஒரு சத்தம் கேட்டாலும் அந்த அம்பு நாணுக்குப் போகக்கூடாது; விரிசலுள்ள மூங்கில் நாணில் வெடித்தால் சிலாம்பு வில் பிடித்த கையில்தான் ஏறும். முறிந்தது செடிக்கழியின் முன்பாதியாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்: நல்ல பகுதியை அடுத்த கணுவில் அறுத்து, கொறுக்கைக்குச் சொன்ன அதே தோள் வைத்து ஒரு முன்தண்டு செருகினால் அம்பு மறுபடி களத்துக்கு வரும்.