பழைய பாடப்புத்தகத்துக்குப் புது மட்டை: மட்டக்களப்பில் ஒரு புத்தகம் கட்டும் கடை

1980இல் இலவசப் பாடநூல் திட்டம் தொடங்கிய காலத்துத் தமிழ் வாசிப்புப் புத்தகங்களை இன்னும் அலுமாரியில் பொத்திவைத்திருப்பவர்கள் இங்கே நிறையப்பேர். வாவிக் காற்றின் உப்பு ஈரத்தில் அவற்றின் நடுமடிப்பில் அடித்த கம்பிதான் முதலில் துருப்பிடிக்கும். துரு தாளைத் தின்றதும் நடுத்தாள் கழன்று கையோடு வரும்.

நகரில் உள்ள இந்தச் சிறிய கடையில் வேலை சுத்தம். கம்பியை இழுத்துப் பிடுங்குவதில்லை. கால்களை நிமிர்த்தி, பின்பக்கமாகத் தள்ளி எடுக்கிறார்கள். கிழிந்த மடிப்பில் மெல்லிய தாள் கீற்றை மாப்பசையால் ஒட்டி, காய்ந்தபின் மெழுகு பூசிய பருத்தி நூலால் ஐந்து துளைத் தையல். பசையில் மயில்துத்தம் (நீல நிறச் செப்பு உப்பு) ஒரு சிட்டிகை கலப்பதால் பூச்சி அண்டாது. முதுகுக்குத் துணி, பிறகு ஒரு முழு நாள் பாரத்தின் கீழ். விரித்தால் மேசையில் படுத்துக் கிடக்கிறது, அந்தப் படங்களும் பெரிய எழுத்துகளும் மடிப்புக்குள் ஒளியாமல். அதைப் பார்க்கவே மனம் நிறைகிறது!

ஒரே குறை, ஓரம் வெட்டும் பழக்கம். பக்க எண்ணும், சின்னக் கையால் பென்சிலில் எழுதிய பெயரும் அதோடு போய்விடும். "ஓரம் வெட்டவேண்டாம், பழைய அட்டையை உள்ளே ஒட்டுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். செலோடேப் ஒட்டிய புத்தகமென்றால் அதையும் காட்டுங்கள். அவசரமாக உரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும். மார்கழி மழையில் கொடுக்கவேண்டாம், பசை காயாமல் பூஞ்சணம் பிடிக்கும்.