மீந்த பிரெட்டில் க்ரூட்டான்: அவனா, தோசைக்கல்லா, எண்ணெய்ச் சட்டியா, ஏர் ஃப்ரையரா?

தக்காளி சூப்பில் போட்ட க்ரூட்டான் (மொறுமொறுப்பாக வறுத்த சின்ன பிரெட் துண்டு) இரண்டே நிமிடத்தில் பஞ்சாக ஊறிப்போனால் பழி பெரும்பாலும் பிரெட் மேல்தான் விழும். ஆனால் கோளாறு வறுத்த விதத்தில் இருக்கிறது. மேலே பொன்னிறம் வந்திருக்கும், நடுவில் ஈரம் அப்படியே நின்றிருக்கும். சாதாரண பிரெட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். அதை வெளியேற்றுவதே இதில் முக்கால்வாசி வேலை. ரஸ்க்கை இரண்டு தடவை சுடுவதும் இதற்காகத்தான். அதனால் எந்த முறை மேல் என்று கேட்டால், மேல்பக்கம் கருகும் முன் நடுப்பகுதி காய்கிறதா என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஒப்பிட வசதியாக எல்லா முறைக்கும் ஒரே அளவு: சாண்ட்விச் பிரெட் 4 ஸ்லைஸ் (சுமார் 100 கிராம்), எண்ணெய் ஒன்றரை டேபிள்ஸ்பூன், தூள் உப்பு கால் டீஸ்பூன், மிளகுத்தூள் கால் டீஸ்பூன். துண்டுகள் ஒன்றரை செ.மீ. சதுரம். பொரிப்பதற்கு மட்டும் எண்ணெய்க் கணக்கு வேறு.

எந்த நிலையில் உள்ள பிரெட்

வாங்கி ஒன்றிரண்டு நாள் ஆன பிரெட் நன்றாக வரும். புது பிரெட்டை வெட்டினால் கத்திக்கு அடியில் நசுங்கி ஓரங்கள் ஒட்டிக்கொள்ளும். அதுதான் இருக்கிறது என்றால் அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, பல் வைத்த கத்தியால் அறுத்தால் சுத்தமாக விழும்.

ஃப்ரிட்ஜில் கிடந்த பிரெட் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தொட்டால் விறைப்பாக இருப்பதால் காய்ந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். அந்தக் குளிரில் மாவுச்சத்து மறுபடி இறுகுவதால் வரும் விறைப்பு அது. தண்ணீர் பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கும். வெட்டிய துண்டுகளைத் தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே வைத்தால், எந்த முறையில் செய்தாலும் பலன் தெரியும். ஒரு மூலையில் பூஞ்சை தெரிந்தால் முழு பாக்கெட்டையும் குப்பையில் போடுங்கள். மென்மையான பிரெட்டில் பூஞ்சை இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிவது போதாது.

அவன் அல்லது ஓடிஜி (மேசை மேல் வைக்கும் சிறிய மின் அவன்)

உள்வரை காய வைப்பதில் இதற்கு ஈடு இல்லை. எண்ணெய், உப்பு, மிளகை அகலமான பாத்திரத்தில் கலந்து, துண்டுகளைப் போட்டுக் கையால் புரட்டி, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். முன்சூடு செய்த அவனில் 150 டிகிரியில் 10 நிமிடம், கிளறிவிட்டு மேலும் 10 முதல் 15 நிமிடம். பிறகு அணைத்துவிட்டுக் கதவை லேசாகத் திறந்துவைத்து, பத்து நிமிடம் உள்ளேயே விடவும். கடைசி ஈரம் அப்போதுதான் போகும்.

180 டிகிரியில் 10 நிமிடத்தில் முடிக்கலாம் என்ற குறிப்பு நிறைய இடத்தில் காணப்படும். பகெட் (நீளமான பிரெஞ்சு பிரெட்) மாதிரி சர்க்கரை சேராத பிரெட்டுக்கு அது பொருந்தும். நம் கடைகளில் கிடைக்கும் மில்க் பிரெட்டில் சர்க்கரை இருப்பதால் அந்தச் சூட்டில் ஓரம் சீக்கிரம் சிவந்துவிடும், நடு இளகியே இருக்கும். துண்டுகளைக் குவித்து வைத்தாலும் இதே கதி. ஒன்றன் ஆவி இன்னொன்றின் மேல் படிந்து, வறுபடுவதற்குப் பதில் அவிந்துபோகும்.

சமையலறைத் தராசு இருந்தால் ஊகமே தேவையில்லை. 100 கிராம் பிரெட், 20 கிராம் எண்ணெய், ஆக 120. எடுக்கும்போது 90 கிராமுக்குக் கீழே வந்திருந்தால் காய்ந்துவிட்டது. நூறுக்கு மேல் நின்றால் நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மறுநாள் நமுத்துவிடும்.

இதன் குறை செலவு. நாலு ஸ்லைஸுக்காக ஓடிஜியை அரை மணி நேரம் ஓட்டுவது வீண். மீந்த ஸ்லைஸ்களை ஃப்ரீசரில் சேர்த்துவைத்து, எட்டு பத்து ஆனதும் போடலாம். கேக் எடுத்த பிறகு மிச்சமிருக்கும் சூட்டிலேயே வைத்தால் இன்னும் நல்லது.

தோசைக்கல், வாணலி

அவன் இல்லாத வீட்டுக்கு இதுதான் சரி. பொறுமையாகச் செய்தால் அவனுக்கு மிக அருகில் வந்துவிடும். பெரும்பாலும் தப்பு நடப்பது முதல் நிமிடத்தில்: கல்லில் எண்ணெயை ஊற்றிவிட்டுப் பிரெட்டைப் போடுவது. முதலில் விழுந்த பத்துத் துண்டு எண்ணெய் முழுவதையும் உறிஞ்சிக்கொள்ளும், மற்றவை வெறுமனே தீயும்.

வரிசையை மாற்றினால் போதும். அடிகனமான வாணலியோ தோசைக்கல்லோ, அடுப்பு சிம்மில். எண்ணெய் இல்லாமல் 7, 8 நிமிடம் புரட்டிப் புரட்டி வறுக்கவும். துண்டுகள் எடை குறைந்து, கிளறும்போது கூழாங்கல் உரசுவது போலச் சத்தம் வரும். அதுதான் பதம். அடுப்பை அணைத்து, ஒரு பாத்திரத்தில் எண்ணெய், உப்பு, மிளகோடு புரட்டி, திரும்பக் கல்லில் போட்டு இன்னும் 5 நிமிடம். தொட்டுப் பார்ப்பதென்றால் ஒரு துண்டை எடுத்து இரண்டு நிமிடம் ஆறவிட்டு உடைக்க வேண்டும். சூட்டில் எல்லாமே கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும். ஆறிய பிறகும் நடுவில் அழுத்தினால் ரப்பர் போல அமுங்குகிறது என்றால் இன்னும் மூன்று நிமிடம் தேவை.

கல் அடியிலிருந்து மட்டும் சூடு தருவதால் மெல்லிய சாண்ட்விச் ஸ்லைஸுக்கு நன்றாக ஒத்துவரும். பன், பாவ் போன்ற பருத்த பிரெட்டில் இரண்டு பக்கம் கறுத்து நாலு பக்கம் வெளுத்து நிற்கும்.

எண்ணெயில் பொரிப்பது

ருசியில் இதற்குத்தான் முதலிடம், அதில் தகராறு இல்லை. ஹோட்டல் சூப்பில் வருவது பெரும்பாலும் இதுதான். அங்கே பொரித்தது உடனே மேசைக்குப் போய்விடுகிறது. 175 டிகிரி எண்ணெயில் ஒரு கைப்பிடி அளவு போட்டால் 45 முதல் 60 விநாடியில் இளம்பொன்னிறம் வரும். நினைத்த நிறத்துக்கு ஒரு படி முன்பே அரித்துவிட வேண்டும், வெளியே எடுத்த பிறகும் சிவந்துகொண்டே போகும்.

பஜ்ஜி மாவை ஒரு சொட்டு விட்டு, மேலே எழும்புகிறதா என்று சூடு பார்ப்போமே, அது இங்கே உதவாது. பிரெட் எந்தச் சூட்டிலும் மிதக்கும். விழுந்தவுடன் சுற்றிலும் நுரைத்துச் சலசலக்கிறதா என்று பாருங்கள். 20 விநாடியில் சிவந்தால் சூடு அதிகம். சத்தமே இல்லாமல் கிடந்தால் சூடு போதாது. அந்தத் துண்டை அழுத்தினால் எண்ணெய் ஒழுகும்.

ஒரு நிமிடத்தில் நடுப்பகுதி காய வழியே இல்லை என்பதுதான் இதன் பலவீனம். பொரிப்பதற்கு முன் துண்டுகளை நன்றாக உலர்த்தியிருந்தால் ஓரளவு ஈடுகட்டலாம். எண்ணெய்ச் செலவும் மிச்ச எண்ணெயில் தங்கும் பிரெட் தூளும் வேறு. அந்தத் தூள் அடுத்த முறை கருகிக் கசக்கும், வடிகட்டாமல் வைக்கக் கூடாது.

ஏர் ஃப்ரையர்

160 டிகிரியில் 7 முதல் 9 நிமிடம், மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை குலுக்கல். இரண்டு ஸ்லைஸ் அளவுக்கு வேகமும் சிக்கனமும் சேர்ந்தது. ஆனால் காய்ந்த பிரெட் இறகு மாதிரி. காற்று அடிக்கும்போது மேலே பறந்து சூடேற்றும் கம்பியில் ஒட்டிக் கருகும், புகையும் வரும். கூடையோடு வந்த உலோக வலைத்தட்டு இருந்தால் துண்டுகள் மேல் கவிழ்த்துவிடுங்கள். ஓரிகானோ, மிளகுத்தூள் எல்லாம் பறந்துவிடுவதால் அவற்றை வெளியே எடுத்து, சூடாக இருக்கும்போதே தூவுவது நல்லது.

மைக்ரோவேவை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். நிறம் வராது, வெளியே தோல் போல இழுக்கும், சில துண்டு நடுவில் கருகியிருக்கும்.

எண்ணெயா, வெண்ணெயா, நெய்யா

வெண்ணெயில் மணம் உண்டு, தண்ணீரும் உண்டு, சீக்கிரம் கருகும் பால் திடப்பொருளும் உண்டு. 150 டிகிரி அவனுக்கு ஒத்துக்கொள்ளும். கல்லில் கறுப்புப் புள்ளி விழும். நெய்யில் அந்த இரண்டும் நீங்கிவிட்டதால் கல்லுக்கு அதுவே மேல். பூண்டுச் சுவை வேண்டுமானால் நறுக்கிய பூண்டைப் பிரெட்டோடு போடாதீர்கள், பிரெட் காயும் முன் அது கருகிக் கசந்துவிடும். இரண்டு பல் தட்டி, எண்ணெயில் மிதமான சூட்டில் மூன்று நிமிடம் விட்டு எடுத்துவிட்டு, அந்த எண்ணெயை மட்டும் சேர்க்கவும்.

எதற்கு எது

தக்காளி, பூசணி போன்ற கெட்டியான சூப்புக்கு, உடனே பரிமாறுவதானால் பொரித்தது. முன்கூட்டியே செய்து வைப்பதானால் அவனில் செய்தது. சாலட் கதை வேறு. 1924இல் மெக்ஸிகோவின் டிஹுவானா நகரில் சீசர் கார்டினி உருவாக்கியதாகச் சொல்லப்படும் சீசர் சாலட்டில் க்ரூட்டான்தான் கடிபடும் பொருள், சாலட்டில் கலக்கும் கெட்டியான சாஸான டிரெஸ்ஸிங்கையும் அது தாங்க வேண்டும். அதற்குக் கத்தியே வேண்டாம். பருத்த பிரெட்டைக் கையால் இரண்டு செ.மீ. துண்டுகளாகப் பிய்த்து அவனில் வைத்தால், மேடுபள்ளமான ஓரங்கள் மொறுமொறுப்பாகும், டிரெஸ்ஸிங்கும் பிடித்து நிற்கும்.

சேமிப்பிலும் வித்தியாசம் பெரிது. அவனில் செய்தது, முழுவதும் ஆறிய பிறகு காற்றுப்புகாத டப்பாவில் இரண்டு வாரம் தாங்கும். கல்லில் செய்தது நாலைந்து நாள். பொரித்ததை அன்றைக்கே தீர்த்துவிடுவது உத்தமம். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் டப்பாவைத் திறந்து திறந்து மூடினாலே நமுத்துப்போகும். நமுத்ததை 150 டிகிரியில் 5 நிமிடம் வைத்தால் மீண்டும் மொறுமொறுப்பு வந்துவிடும். ஆனால் பொரித்ததில் சிக்கு வாடை ஏறிவிட்டால் சூடு செய்தும் போகாது, கொட்டிவிட வேண்டியதுதான்.