வெள்ளவத்தை ஓஇடி கிளாஸ்: ஸ்பீக்கிங்குக்கு கட்டாயம் போங்கோ, ரைட்டிங்குக்கு யோசியுங்கோ

இங்கிலாந்துக்கு நர்ஸா போக வெளிக்கிடுற தங்கச்சிமாருக்காகத்தான் எழுதுறன். நான் கொழும்பில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி முடிச்ச கையோட, காலி வீதியில இருந்து கடற்கரைக்கு இறங்குற ஒழுங்கையில மேல்மாடியில நடக்கிற இந்த ஓஇடி (வெளிநாட்டில வேலைக்குப் போற நர்ஸ்மார், டாக்டர்மார் எடுக்கிற ஆங்கிலப் பரீட்சை) கிளாஸுக்கு போனனான். இப்ப இங்கிலாந்தில நர்ஸா பதிஞ்ச பின் நம்பரும் வந்து, லீவில வீட்ட வந்து நிக்கிறன்.

ஸ்பீக்கிங் உண்மையா நல்லா சொல்லித் தருவினம். பரீட்சையில ரெண்டு ரோல் பிளே (நோயாளியோட கதைக்கிற மாதிரி நடிக்கிறது), ஒவ்வொண்டுக்கும் கார்ட் வாசிக்க 3 நிமிஷம், கதைக்க 5 நிமிஷம். முதல் நாள் நான் இன்சுலின் எப்பிடி போடுறதெண்டு மூச்சு விடாம சொல்லி முடிச்சன், நோயாளியா இருந்த மிஸ் கையைப் பிசைஞ்சுகொண்டு ஊசி எண்டா பயம் எண்டு ரெண்டு தரம் சொன்னவ, நான் ரெண்டு தரமும் காதில எடுக்கேல்ல. பிறகு ரெக்கோர்டிங்கைப் போட்டுக் காட்டினா. எத்தனை வருஷம் வார்ட்டில நிண்டும் ஒருத்தரும் எனக்கு இதைச் சொல்லேல்ல. அங்க வேலை தொடங்கி 12 கிழமைக்குள்ள ஓஸ்கி எண்ட செய்முறைப் பரீட்சைக்கு இருக்கவேணும், 10 ஸ்டேஷன் (பகுதி), அதில எனக்கு கைகுடுத்தது நோயாளி சொல்லுறதைக் காதில எடுக்கிற இந்தப் பழக்கம்தான்.

ரைட்டிங் சரியில்ல. கடிதம் திருத்தி வர ரெண்டு கிழமை. அங்க நர்ஸ்மாரைப் பதியிற என்எம்சிக்கு, லிஸனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூண்டுக்கும் 350 புள்ளி வேணும், ரைட்டிங்குக்கு 300 காணும், அதால கொஞ்சம் அசட்டையா விடினம் போல, ஆனா என்னோட படிச்ச பிள்ளை அதிலதான் விழுந்தவ, திரும்ப காசு கட்டி எடுத்தவ, வீட்டில நகை அடகு வைச்சு கட்டின காசு அது. நர்ஸா பதியிறதுக்கு கம்ப்யூட்டரில எழுதுற சிபிடி பரீட்சையின்ர கணக்குப் பகுதியும் இங்க தொடுறேல்ல.

இன்னொண்டு. இங்கிலாந்தில வார்ட்டில ஒரு ராத்திரி வயசான அம்மா ஒராள் 'ஸ்பென்ட் எ பென்னி' எண்டு ரெண்டு மூண்டு தரம் கேட்டவ. நான் காசு கேக்கிறா எண்டு நினைச்சு அவவின்ர ஹாண்ட்பாக்கைத் தேடிக்கொண்டு நிக்க, பாவம், படுக்கையிலயே போயிட்டுது, அவ அழுதவ. பாத்ரூம் போகவேணும் எண்டதை அங்கத்த பழைய ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுறவை. இப்பிடியான சொல்லுகள் எந்தப் புத்தகத்திலயும் எனக்கு அம்பிடேல்ல.

போன சனிக்கிழமை கிளாஸுக்கு போய், எனக்குத் தெரிஞ்சதுகளை ஒரு கொப்பியில எழுதி மிஸ்ஸிட்ட குடுத்திட்டு வந்தனான். அடுத்த பட்ச்சில இருந்து சொல்லிக் குடுக்கிறன் எண்டவ.