சக்கர நாற்காலிக்கு முன் குஷன்: ஏர் செல் குஷனுடன் ஏழாவது ஆண்டில்

தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் சக்கர நாற்காலி வாங்கும்போது அதன் எடை, சக்கரத்தின் தரம், காரில் மடக்கி வைக்க முடியுமா என்பதையெல்லாம் நெடுநேரம் விசாரிக்கிறார்கள். உட்காரும் குஷனைப் பற்றிய கேள்வி கடைசியில்தான் வருகிறது. பலருக்கு அந்தக் கேள்வி வருவதே இல்லை. இந்த வரிசை தலைகீழாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், பழைய நாற்காலியையே வைத்துக்கொண்டு நல்ல குஷனை முதலில் வாங்குங்கள் என்றுதான் என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

எனக்குப் பாதிப்பு டி-10 மட்டத்தில், அதாவது மார்புப் பகுதித் தண்டுவடத்தின் பத்தாவது கணுவில். தொப்புளுக்குக் கீழே தொடுவதோ வலியோ சூடோ தெரியாது. கணக்கு எழுதும் வேலை என்பதால் பகலின் பெரும்பகுதியை உட்கார்ந்தபடியே கழிக்கிறேன். காற்று அறைகள் கொண்ட ரப்பர் குஷனை, அதாவது மறுவாழ்வு மையங்களில் ‘ஏர் செல் குஷன்’ என்று சொல்லப்படுவதை, ஏழாவது ஆண்டாகப் பயன்படுத்துகிறேன். அதற்கு முன்பு சாதாரணப் பஞ்சு (ஃபோம்), பிறகு ஜெல் ஆகிய இரண்டிலும் உட்கார்ந்திருக்கிறேன்.

உடல் உணர்வு உள்ளவர்கள் நாற்காலியில் அரை மணி நேரம் இருந்தால்கூடத் தம்மை அறியாமலே பலமுறை அசைந்து உட்காருகிறார்கள். எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவே நசுங்கும் தசை கொடுக்கும் வலிதான் அவர்களை அசைய வைக்கிறது. எங்களுக்கு அந்த எச்சரிக்கை வருவதில்லை. புட்டத்தின் அடியில் உள்ள இரண்டு உட்காரும் எலும்புகளின் கீழே நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபட்டு, தசை இறக்கத் தொடங்குகிறது. சேதம் பெரும்பாலும் எலும்பை ஒட்டிய ஆழத்தில் தொடங்குவதால், தோலில் சிறிய புண்ணாகத் தெரியும்போது உள்ளே பெரிய குழியே உருவாகியிருக்கக்கூடும். முற்றினால் எலும்பு வரை கிருமி பரவும். அறுவைச் சிகிச்சை, மாதக்கணக்கில் குப்புறப் படுக்கை, வேலை இழப்பு எனக் குடும்பமே நிலைகுலையும். படுக்கைப் புண் என்று பெயர் இருந்தாலும், சக்கர நாற்காலியில் வாழ்பவருக்கு அது உட்காரும் புண்ணாகவே அதிகம் வருகிறது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு தண்டுவடம் முறிந்தவர்களில் பெரும்பாலோர் இந்தப் புண்களாலும் சிறுநீர்த் தொற்றாலும் குறுகிய காலத்திலேயே இறந்தார்கள். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டெவில் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன் பொறுப்பேற்று, நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதைக் கண்டிப்பான நடைமுறையாக்கிய பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. நம் பக்கத்தில், விபத்தால் தாமே சக்கர நாற்காலிக்கு வந்த மருத்துவர் மேரி வர்கீஸ், வேலூர் சி.எம்.சி.யில் 1966-இல் மறுவாழ்வு நிலையத்தைத் தொடங்கக் காரணமாக இருந்தார். எங்களை உயிரோடு வைத்திருப்பதில் பெரும் பங்கு அறுவைச் சிகிச்சைக்கு அல்ல, அன்றாடப் பராமரிப்புக்கே உண்டு. அந்தப் பராமரிப்பின் ஒரு கருவியாகத்தான் இந்தக் குஷனை நான் பார்க்கிறேன்.

அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் கிரேப் 1970-களில் உருவாக்கிய வடிவமைப்பு இது. கறுப்பு நிறச் செயற்கை ரப்பரில் வரிசை வரிசையாகக் காற்று அறைகள் நிமிர்ந்து நிற்கும். எல்லா அறைகளும் அடியில் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், எலும்பு அழுத்தும் இடத்திலிருந்து காற்று பக்கத்து அறைகளுக்கு நகர்ந்துவிடும். உடல் குஷனுக்குள் அமிழ, எடை ஓரிரு புள்ளிகளில் குவியாமல் பரந்த பரப்பில் தாங்கப்படும். ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் முதல் 10 சென்டிமீட்டர் வரை வெவ்வேறு உயரங்களில் கிடைக்கிறது. ஏற்கெனவே புண் வந்து ஆறியவர்களுக்கு உயரமானதைப் பரிந்துரைப்பது வழக்கம். என்னுடையதும் அந்த வகையே.

இந்தக் குஷனின் பலன் முழுவதும் அதில் இருக்கும் காற்றின் அளவைப் பொறுத்தது என்பதை வாங்குபவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். முதலில் தேவைக்கு மேல் காற்றடித்து, அன்றாடம் உடுத்தும் உடையோடு, கால்களைக் கால்தாங்கியில் வைத்து, வழக்கமாக உட்காரும் விதத்தில் உட்கார வேண்டும். பிறகு குஷனுக்கும் புட்டத்துக்கும் இடையே கையை நுழைத்து, உட்காரும் எலும்பின் மிகத் தாழ்ந்த புள்ளியைத் தடவிக் கண்டுபிடித்து, வால்வைத் திறந்து சிறிது சிறிதாகக் காற்றை விட வேண்டும். எலும்புக்கும் குஷனின் அடித்தளத்துக்கும் நடுவே ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி மிஞ்சும்போது வால்வை மூடிவிட வேண்டும். காற்று குறைந்தால் எலும்பு அடித்தளத்தில் முட்டும்; குஷனே இல்லாதது போலத்தான். காற்று அதிகமானால் உடல் அமிழாமல் மேலேயே நிற்கும். பார்க்கப் புஷ்டியாக இருக்கும் குஷன் கடினமான பலகையின் வேலையைச் செய்யும். வீட்டுக்கு வரும் உறவினர்கள் நல்ல எண்ணத்தில் “காத்து கம்மியா இருக்கேம்மா” என்று பம்பை எடுப்பார்கள். அவர்களை அன்போடு தடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். காலையில் நாற்காலியில் ஏறியதும் கைவிட்டுச் சோதிப்பது எனக்குப் பல் துலக்குவதைப் போன்ற பழக்கமாகிவிட்டது. கைவிரல்களிலும் உணர்வு இல்லாத கழுத்துப் பகுதிப் பாதிப்பு உள்ளவர்களுக்கு, வீட்டில் ஒருவர் இதைக் கற்றுக்கொண்டு தினமும் செய்தே ஆக வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத வீட்டில் இந்தக் குஷனை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மலைக்குப் போகும்போது நடப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் சமவெளியில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குஷனுக்குள் அடைபட்ட காற்று அதற்கேற்ப விரிந்து, மேலே போகப் போக அறைகள் விறைக்கும். வத்தலக்குண்டு தாண்டி ஏறும்போது வழியில் வண்டியை நிறுத்திக் கொஞ்சம் காற்றை விடுவதும், இறங்கி வந்ததும் மறக்காமல் காற்றடித்துச் சரிபார்ப்பதும் என் வழக்கம். ஏறும்போது காற்றை விடுவது அவ்வளவு ஆபத்தில்லை. இறங்கிய பிறகு நிரப்பாமல் இருப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் கீழே வந்ததும் எலும்பு நேராக அடித்தளத்தில் முட்டும், அது நமக்குத் தெரியவும் தெரியாது. சூட்டிலும் உள்ளிருக்கும் காற்று விரியும் என்பதால், சித்திரை வெயிலில் நின்ற காரில் இருந்த குஷனுக்கும் இதே கவனம் தேவை.

நம் ஊர் வெக்கையில் இந்த ரப்பர் சுகமானது என்று சொல்ல முடியாது. அதனூடே காற்றோட்டம் இல்லை, வியர்வை தங்கும், ஈரத்தில் ஊறிய தோல் எளிதில் உரியும். அதற்காகப் பலர் குஷனின் மேல் துண்டையோ மடித்த போர்வையையோ விரிக்கிறார்கள். அப்படி விரித்தால், இழுத்துக் கட்டிய தூளியைப் போலத் துணி உடலைத் தாங்கிக்கொள்ள, அறைகளுக்குள் உடல் அமிழ்வதே நின்றுபோகும். குஷனோடு வரும், இழுத்தால் நீளும் உறையை மட்டும் போட வேண்டும். இரண்டு உறைகள் வைத்துக்கொண்டு கோடையில் மதியம் ஒன்றை மாற்றுகிறேன். உடையும் இதில் அடக்கம். ஜீன்ஸின் பின்பை, அதன் உலோகக் குமிழ், கைலியின் தடித்த தையல், புடவையின் உள்பாவாடை மடிப்பு ஆகியவை உணர்வற்ற தோலில் ஒரே நாளில் தடம் பதிக்கும். நான் பின்பக்கம் தையல் குறைந்த, தளர்வான பருத்திப் பேன்ட்டைத் தைத்துப் போடுகிறேன்.

பஞ்சோடு ஒப்பிடும்போது இதன் மறுக்க முடியாத சிறப்பு, கழுவ முடிவதுதான். கதீட்டர் வைத்துச் சிறுநீர் எடுப்பவர்களுக்குச் சில நாள்களில் கசிவு ஏற்படுவது இயல்பு. பஞ்சு சிறுநீரை உறிஞ்சி நாறும், கிருமிகளை வளர்க்கும். ரப்பர் குஷனின் வால்வை மூடி, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தினால் மறுபடியும் சுத்தமாகிவிடுகிறது. வெளியே போகத் தயங்காத மனநிலைக்கு இது எவ்வளவு உதவுகிறது என்பது அந்தத் தயக்கத்தை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

குறைகளும் உண்டு. காற்றின் மேல் உட்காருவதால் உடல் ஆடும். முதல் சில வாரங்கள் காய்கறி நறுக்குவதும், அலமாரியின் மேல்தட்டை எட்டுவதும், கட்டிலுக்கு மாறுவதும் சிரமமாக இருந்தன. பிறகு உடல் பழகிக்கொண்டது. மார்பின் மேற்பகுதியிலேயே பாதிப்பு உள்ளவர்களுக்கு இடுப்புச் சமநிலை மிகக் குறைவு என்பதால், அறைகளை நான்கு பகுதிகளாகப் பிரித்துப் பூட்டும் வகையோ, எலும்புக்கு அடியில் மட்டும் ஜெல் வைத்துச் சுற்றிலும் உறுதியான பஞ்சு அமைந்த வகையோ பொருந்தக்கூடும். ஜெல் குஷன் எனக்கு நிலையாக இருந்தது, கவனிப்பும் குறைவாகவே கேட்டது. ஆனால் எடை அதிகம். ஜெல் ஓரங்களுக்கு நகர்ந்துவிடும் என்பதால் தினமும் பிசைந்து நடுவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

பஞ்சர் தவிர்க்க முடியாதது. எனக்கு ஊக்கும் பூனை நகமும் ஓட்டை போட்டிருக்கின்றன. தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உடன் வரும் ஒட்டுத்துண்டை ஒட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வால்வில் கசிவு வந்தபோதுதான் திண்டாடினேன். விற்றவர்கள் மாற்று வால்வைத் தருவிக்க வாரக்கணக்கில் இழுத்தடித்தார்கள். வாங்கும்போதே உதிரிபாகம் எங்கே, எத்தனை நாளில் கிடைக்கும் என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

நல்ல குஷன் இருந்தாலும் உடலை அசைக்கும் கடமை நம்மைவிட்டுப் போவதில்லை. கைகளை ஊன்றி உடலைத் தூக்கிச் சில நொடிகள் நிற்பதுதான் முன்பு எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டது. நசுங்கிய தசைக்கு இரத்தமும் ஆக்சிஜனும் முழுமையாகத் திரும்ப ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும் என்று பின்னர் ஆய்வுகள் காட்டின. அவ்வளவு நேரம் யாராலும் தூக்கி நிற்க முடியாது, தோள்பட்டைதான் தேயும். எனவே மேசையின் மீது மார்பு சாயும்படி முன்னால் குனிந்து, அல்லது ஒரு பக்கமாகச் சரிந்து, இரண்டு நிமிடம் இருப்பதே பயன் தரும். அலுவலகத்தில் கைப்பேசி அலாரம் அடிக்கும்போதெல்லாம் மேசையில் குனிந்துவிடுவேன். உடன் வேலை செய்பவர்களுக்கு இப்போது அது சாதாரணக் காட்சி.

இரவு படுத்ததும் நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடியில் தோலைப் பார்க்கிறேன். பல துண்டறிக்கைகளில் ‘சிவந்த தோல்’ என்றே முதல் அறிகுறி அச்சிடப்பட்டிருக்கிறது. நம்மைப் போன்ற கறுத்த, மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதாவாகவோ தோன்றுவது, தொட்டால் சூடாக இருப்பது, விரலுக்குக் கட்டியாகவோ கொழகொழவென்றோ படுவது ஆகியவற்றைத்தான் நாம் தேட வேண்டும். அந்த மாற்றம் அழுத்தம் நீங்கிய பிறகும் மறையவில்லை என்றால், மறையும் வரை அந்த இடத்தில் ஒரு நிமிடம்கூட உட்காரக் கூடாது. விடுப்பு எடுத்தாவது படுத்தே இருக்க வேண்டும். இந்த ஒரு விதியில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. முட்டை, பருப்பு, நிலக்கடலை, கீரை எனப் புரதமும் இரும்புச்சத்தும் தட்டில் குறையாமல் இருப்பதும் தோலுக்கான பராமரிப்பே. இரத்தசோகை உள்ளவருக்குப் புண் ஆறத் தாமதமாகும்.

காற்றடைத்த வளையத்தின் மீதோ, வண்டி டியூபின் மீதோ உட்கார வைப்பது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. நடுவில் ஓட்டை இருந்தால் புண்ணில் படாது என்ற எண்ணம் இயல்பானதுதான். ஆனால் வளையம் சுற்றியுள்ள தசையை அழுத்தி, நடுப்பகுதிக்குப் போகும் இரத்த ஓட்டத்தையே குறைக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

இறக்குமதியாகும் ஏர் செல் குஷனின் விலை சாதாரண மருத்துவமனை வகைச் சக்கர நாற்காலியின் விலையைப்போலப் பல மடங்கு. தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்குத் தமிழ்நாடு அரசு மாதந்தோறும் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. அது டயாப்பருக்கும் கதீட்டருக்குமே சரியாகப் போய்விடும். உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட சக்கர நாற்காலி வழிகாட்டுதலிலேயே குஷன் நாற்காலியின் ஓர் அங்கமாகக் கருதப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் முகாமில் எனக்குக் கிடைத்த முதல் நாற்காலியில் தொட்டில் போலத் தொய்ந்த ரெக்ஸின் துணி மட்டுமே இருந்தது. உணர்வற்ற உடலுக்கு நாற்காலி தரும் எவரும் குஷனையும், அதில் உட்காரும் பயிற்சியையும் சேர்த்தே தர வேண்டும். ஒரு புண்ணுக்கான அறுவைச் சிகிச்சைக்கும் மாதக்கணக்கான படுக்கைக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால், இது அரசுக்கும் பாரமாகாது.

இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் போகிறவர்கள் அதன் இருக்கையையும் நாற்காலியைப் போலவே கருத வேண்டும். குண்டும் குழியுமான சாலையின் அதிர்வு நேராக எலும்பில்தான் இறங்குகிறது. ஏர் செல் குஷன் அங்கே வழுக்கும், விழும் அபாயம் உண்டு; ஆகவே ஸ்கூட்டருக்கு அடர்த்தியான பஞ்சை இருக்கையின் அளவுக்கு வெட்டி, பட்டையால் கட்டிப் பயன்படுத்துகிறேன். அதே பஞ்சில் நாற்காலியின் அளவுக்கு இன்னொன்றும் வெட்டி வீட்டில் வைத்திருக்கிறேன். ஏர் செல் குஷன் பஞ்சராகி ஒட்டுக் காயும் நாளில் அதில் உட்கார்ந்து, உட்காரும் நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்வேன். கட்டைவிரலால் அழுத்தினால் பஞ்சு மெதுவாக மேலெழாமல் குழியாகவே நின்றுவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது, மாற்றிவிட வேண்டும்.