வைஃபையா, ஸிக்பீயா? உப்புவெளி வீட்டில் இரண்டையும் மாட்டிப் பார்த்த பிறகு

லைட்டையும் மோட்டரையும் கைபேசியால் இயக்கும் ஸ்மார்ட் வீட்டு அமைப்பில், எங்கள் வீட்டில் இப்போது ஓடுவது இரண்டாவது, ஸிக்பீ என்ற தனி வானலையில் பேசுவது. முதலாவதைக் கழற்றிப் பழைய பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு வைத்திருக்கிறேன். பதினொரு வைஃபை சுவிட்ச், நான்கு பல்ப், இரண்டு பிளக். ஆகவே இதை நடுநிலையான ஒப்பீடு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். நான் ஸிக்பீ பக்கம்தான். ஏன் அந்தப் பக்கம் போனேன், வைஃபை இன்னும் எங்கே போதும் என்பதை எழுதுகிறேன்.

வீடு திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில், கடலுக்கு நடந்து ஐந்து நிமிடம். மூன்று அறை, முன்னும் பின்னும் விறாந்தை, பின்வளவில் கிணறும் மோட்டரும். அப்பா கட்டிய வீடு, வயரிங்கும் அப்பா காலத்தது. நான் வேலைக்குப் போனால் பகலில் அம்மா தனியே. மோட்டரைப் போடவும் நிறுத்தவும் எழுபத்திரண்டு வயதில் அவர் படி இறங்கி ஏறுவதைக் குறைக்கலாம் என்றுதான் இதைத் தொடங்கினேன்.

வைஃபை வகை எல்லோருக்கும் தெரிந்தது. டூயா, சோனொஃப் என்று கடைகளில் கிடைக்கும் சுவிட்சுகள். ஒவ்வொன்றும் நேரே ரூட்டரோடு பேசும், ரூட்டர் வழியாகக் கம்பனியின் சர்வரோடு பேசும். கைபேசியில் ஆப்பைப் போட்டுத் தட்டினால் வேலை முடிந்தது. ஸிக்பீ வகையில் சாதனங்கள் இணையத்துக்குப் போவதே இல்லை. மிகக் குறைந்த மின்சக்தியில் இயங்கும் தனி வானலையில் வீட்டுக்குள்ளிருக்கும் ஒரு மையக் கருவியோடு மட்டும் பேசும். மெயின் கரண்டில் ஓடும் சாதனங்கள் பக்கத்துச் சாதனத்தின் செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும். மையக் கருவியை ஆயத்தமாகவும் வாங்கலாம். நான் ஒரு சின்னக் கணினியில் ஹோம் அசிஸ்டன்ட் போட்டு, யூஎஸ்பியில் ஸிக்பீ குச்சி ஒன்றைச் செருகியிருக்கிறேன். 2013-இல் தொடங்கிய இலவச, திறந்த மூல மென்பொருள் அது.

விலை, சுலபம் இரண்டிலும் வைஃபைக்குத்தான் வெற்றி. ஒரு பின்னேரத்துக்குள் மூன்று சுவிட்ச் மாட்டிவிடலாம். ஸிக்பீக்கு மையக் கருவிக்கு முதலில் காசு போட வேண்டும், இரண்டு மூன்று இரவு உட்கார்ந்து படிக்கவும் வேண்டும். வேகத்தில் ஸிக்பீ ஒரு கண்ணிமை முன்னால், அது பெரிய விஷயமில்லை. குரலால் இயக்குவது இரண்டிலும் முடியும். அம்மாவிடம் கேட்டேன். “பெட்டியோடயா கதைக்கச் சொல்லுறாய்?” என்றார். சரி, அது அத்தோடு முடிந்தது.

தீர்மானித்தது கரண்ட். இன்னும் சரியாகச் சொன்னால், போன கரண்ட் திரும்பி வரும் அந்த ஐந்து நிமிடம்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் வெட்டியதை இலங்கையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாகச் சொல்லி நாடு முழுவதும் இருண்டது. அவை பெரிய சம்பவங்கள். மாரி தொடங்கினால் எங்களுக்குச் சின்னச் சின்னதாய் எத்தனையோ. எங்காவது தென்னோலை கம்பியில் விழும், லைட் ஒரு முறை கண் சிமிட்டும், போகும், வரும், திரும்பப் போகும்.

கரண்ட் இல்லாத நேரத்தில் இரண்டு வகையுமே சுவரில் ஒட்டிய பிளாஸ்டிக்தான். வந்த பிறகுதான் வித்தியாசம். வைஃபை சுவிட்ச் சில விநாடிகளில் எழும்பிவிடும், ஃபைபர் ரூட்டர் எழும்ப இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். அதுவரை பதினொரு சுவிட்சும் இல்லாத வைஃபையைத் தேடும். ரூட்டர் வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் கதவைத் தட்டும். இணைய இணைப்போடு தந்த ரூட்டர் அதற்கெல்லாம் செய்ததில்லை. ஒன்பது சேரும், இரண்டு சேராது. எந்த இரண்டு என்பது ஒவ்வொரு முறையும் மாறும். சேராததை மெயினில் நிறுத்திப் போட்டால்தான் வழிக்கு வரும்.

ஒருநாள் இரவு இரண்டே காலுக்குக் கரண்ட் வந்தது. நான்கு பல்பும் முழு வெளிச்சத்தில் எரிந்தன. படுக்கும்போது ஆப்பில் அணைத்தவை. கரண்ட் போய் வந்தால் எரிவதுதான் அந்தப் பல்புகளின் பழக்கமாம், மாற்றுவதற்கு அமைப்பும் இல்லை. அம்மா கள்ளன் வந்துவிட்டான் என்று விளக்குமாற்றோடு விறாந்தையில் நிற்கிறார். நான் கைபேசியைத் தட்டுகிறேன், ‘தொடர்பில் இல்லை’ என்கிறது. கடைசியில் சுவர் சுவிட்சில் அணைத்தோம். காலையில் ஆப்பால் எரியவில்லை. சுவரில் அணைத்துவிட்டால் பல்புக்கு உயிரே இல்லையே.

நியாயமாகப் பார்த்தால் அது வைஃபையின் குற்றமில்லை, ஸிக்பீ பல்பும் அதையே செய்யலாம். கரண்ட் திரும்பும்போது பழைய நிலையில் நிற்கும் வசதி இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள். என்னைக் கேட்டால் ஸ்மார்ட் பல்பே வேண்டாம். சாதாரண எல்இடி பல்பை விட்டுவிட்டு, பழைய சுவிட்சுக்குப் பின்னால் மாட்டும் சின்ன ரிலே, அதாவது செய்தி வந்தால் கரண்டைப் போட்டு நிறுத்தும் பெட்டி, வாங்குங்கள். பழைய சுவிட்ச் பழையபடியே வேலை செய்யும். அம்மா தட்டினாலும் எரியும், நான் கைபேசியில் தட்டினாலும் எரியும். மையக் கருவி செத்துக் கிடந்தாலும் வீடு வீடாக இருக்கும்.

ஸிக்பீயில் நான் செய்தது இதுதான். ரூட்டர் 12 வோல்ட், கணினியும் 12 வோல்ட்டாகப் பார்த்து வாங்கினேன். 2022-க்குப் பிறகு எல்லாக் கடையிலும் தொங்கும் அந்தச் சின்ன மினி யுபிஎஸ்ஸில், கரண்ட் போனால் பற்றரியில் ஓட்டும் பெட்டியில், இரண்டு வாங்கி, ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். ஒன்றில் இரண்டையும் போட்டால் இழுக்காது. கரண்ட் போனாலும் மையக் கருவி விழித்திருக்கும், பற்றரியில் ஓடும் சென்சர்களும் விழித்திருக்கும். கரண்ட் வந்ததும் சுவிட்சுகள் தெரிந்த ஆளைத் தேடி வந்து ஒட்டிக்கொள்ளும். இணையம் இருக்கிறதா இல்லையா என்று அவை கேட்பதில்லை. பதினான்கு மாதத்தில் ஒரே ஒரு சுவிட்சைத்தான் திரும்பச் சேர்க்க வேண்டி வந்தது.

மினி யுபிஎஸ் வைஃபைக்கும் உதவும், பொய் சொல்லக்கூடாது. ரூட்டரை அதில் போட்ட பிறகு பாதித் தொல்லை போனது. மீதிப் பாதிக்காகத்தான் மாறினேன். அந்த மீதியில் பெரியது, ரூட்டர் மாற்றிய நாள். மொபைல் இணைப்பிலிருந்து ஃபைபருக்குப் போனபோது வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் மாறின. பதினொரு சுவிட்சையும் ஒவ்வொன்றாக ஸ்டூலில் ஏறி ஐந்து விநாடி அமுக்கிப் பிடித்துத் திரும்பச் சேர்த்தேன். புது ரூட்டருக்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் அப்படியே வைத்திருந்தால் ஒன்றையும் தொட்டிருக்க வேண்டாம் என்பது மூன்று நாள் கழித்துத்தான் உறைத்தது.

இன்னொன்று, சர்வர் யாருடையது என்ற கேள்வி. அமெரிக்காவில் இன்ஸ்டியன் என்ற கம்பனி 2022 ஏப்ரலில் சொல்லாமல் கொள்ளாமல் சர்வரை நிறுத்தியது. வாடிக்கையாளர்களே சேர்ந்து வாங்கித்தான் பிறகு அதை எழுப்பினார்கள். ரிவால்வ் என்ற மையக் கருவி 2016 மே மாதத்தோடு பயனற்றுப் போனது. எல்லாக் கம்பனிக்கும் அப்படி ஆகும் என்றில்லை. ஆனாலும் கிணற்று மோட்டரை இன்னொருவரின் சர்வரை நம்பி விட எனக்கு மனமில்லை.

வயரிங்கில் ஒரு தடங்கல் இருக்கிறது, வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியது. வயரிங் செய்யும் அண்ணை வந்து மெயினை நிறுத்தி, முதல் சுவிட்சைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தார். “தம்பி, இதுக்குள்ள நியூட்ரல் இல்லை” என்றார். எங்கள் பழைய வீடுகளில் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி, மேலே சீலிங்கில் லைட்டோடு நின்றுவிடும், சுவிட்ச் பெட்டிக்கு இறங்குவது கரண்ட் வரும் லைவும், சுவிட்சிலிருந்து லைட்டுக்கு ஏறும் கம்பியும் மட்டும். பெரும்பாலான ஸ்மார்ட் சுவிட்சுக்கு நியூட்ரல் வேண்டும். ஒன்று, ரிலேயை மேலே லைட்டடியில் மாட்ட வேண்டும். அல்லது நியூட்ரல் கேட்காத வகை வாங்க வேண்டும். அந்த வகை ஸிக்பீயில்தான் நன்றாக வரும், அது குடிக்கும் கரண்ட் அவ்வளவு கொஞ்சம். அப்படியும் சில எல்இடி பல்ப் அணைத்த பிறகு மினுங்கும். பல்போடு சின்னக் கப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்தால் நின்றுவிடும். நியூட்ரல் இல்லாத ஸிக்பீ சுவிட்ச் பொதுவாக மற்றதின் செய்தியைக் கடத்தாது. அதற்காகக் குசினியில் ஒரு ஸிக்பீ பிளக்கை நிரந்தரமாக விட்டிருக்கிறேன், கிணற்றடிக்கு அதுதான் பாலம்.

மோட்டருக்கு வருவோம். முதல் அமைப்பில் 10 அம்பியர் என்று எழுதிய வைஃபை ரிலேயை நேரே மோட்டரில் மாட்டினேன். ஒரு குதிரை வலு மோட்டர் ஓடும்போது ஐந்து ஆறு அம்பியர்தான், கணக்குச் சரி. ஆனால் தொடங்கும் கணத்தில் அது பல மடங்கு இழுக்கும். நான்காவது மாதம் ரிலேயின் தொடுமுனை உருகி ஒட்டிக்கொண்டது. ஆப்பில் ‘நிறுத்தப்பட்டது’ என்று இருக்கிறது, தாங்கி நிரம்பி அம்மாவின் கறிவேப்பிலைப் பாத்தியில் ஆறு ஓடுகிறது. இப்போது ஸிக்பீ ரிலே ஒரு காண்டாக்டரை, பெரிய கரண்டுக்கென்று செய்த மின்காந்த சுவிட்சை, மட்டும் இயக்கும், பாரத்தைக் காண்டாக்டர் தாங்கும். தாங்கிக்குள் மிதவை சுவிட்சும் தனியே உண்டு. எந்த வகை வாங்கினாலும் இதைச் செய்யுங்கள், அதுவும் எலக்ட்ரிசியனை வைத்து.

ஸிக்பீக்கும் குறை உண்டு. அதுவும் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் வெளியில்தான் இருக்கின்றன. நான் வைஃபையைச் சனல் 1-இலும் ஸிக்பீயை 25-இலும் வைத்தேன், குச்சியை ஒரு மீற்றர் நீட்டு வயரில் கணினியிலிருந்து தள்ளி வைத்தேன். அதற்கு முன் முன்வாசல் சென்சர் காலையில் இருக்கும், மாலையில் இராது. மையக் கருவியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் வேண்டும் என்பது இன்னும் பெரிய குறை. மாதாமாதம் வரும் புதுப்பிப்பையெல்லாம் நான் போடுவதில்லை, போடுமுன் பிரதி எடுத்து வைக்கிறேன்.

உப்புக்காற்றைப் பற்றி உறுதியாகச் சொல்ல என் அனுபவம் போதாது. பின்விறாந்தைக் கதவுச் சென்சரைத் திறந்தபோது பற்றரி தொடும் கம்பியில் பச்சை பூத்திருந்தது. சுரண்டிவிட்டேன், ஓடுகிறது. உள் அறைகளில் இருப்பவை புதிது போலவே இருக்கின்றன. மூன்று நான்கு மாரி கடந்தால்தான் தெரியும்.

வாடகை வீட்டில் இருப்பவர், இரண்டு பிளக்கும் ஒரு ஃபேனும் போதும் என்பவர், வைஃபையே வாங்குங்கள். போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம். இரண்டு மூன்று சாதனத்துக்காக ஒரு மையக் கருவியை வளர்ப்பது வீண்வேலை. 2022-இல் வந்த மேட்டர் என்ற பொதுத் தரம் உள்ள வைஃபை சாதனம் கிடைத்தால் இன்னும் நல்லது, சர்வர் இல்லாமலும் இயங்கும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவருவதென்றால் லண்டன் சித்தப்பாவிடம் சொல்லுங்கள், 230 வோல்ட், சதுரப் பின் சொக்கெட்டானால் பின்னும் பொருந்தும். எங்கள் அண்ணா கனடாவிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த நான்கு பிளக்கும் 120 வோல்ட். அவை இன்னும் பெட்டியோடு அலுமாரியில்.

கேற்றடி லைட்டை மட்டும் எந்த அமைப்பிலும் சேர்க்கவில்லை. அதில் இருப்பது வெளிச்சம் குறைந்தால் தானே எரியும் சாதாரண ஒளி உணர் சுவிட்ச், அப்பா மாட்டியது. கச்சான் காற்றுக் காலத்தில் அதன் கண்ணில் தூசி படிந்தால் பட்டப்பகலிலும் எரியும். அம்மா தும்புத்தடியின் நுனியில் துணி சுற்றித் துடைத்துவிடுவார்.